இந்த முறை நேர்த்தி இல்லை

வெள்ளவத்தை,
புதன்கிழமை.

அன்பு மகள் சிவானிக்கு,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், உன் கால் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஒரே கவலை. சுகம் என்று எழுதிவிட்டேன், ஆனால் அப்பாவுக்கு இருமல் விட்டபாடில்லை, லிப்டும் மூன்று நாளாக வேலை செய்யவில்லை, நாலாம் மாடி ஏறி வந்து கதிரையில் விழுந்தாரென்றால் ஒரு மணித்தியாலம் எழும்ப மாட்டார். போனில் கதைத்தால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதுதான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். முழுவதும் வாசி.

நேற்று கொட்டாஞ்சேனையில் உன் பழைய பயிற்றுநர் ரெனால்டைக் கண்டேன். முழங்காலுக்குக் கீழே அதே இடம் உனக்குத் திரும்பவும் நோகிறதாம், கென்யாப் பயிற்சி முகாமில் ஒருவருக்கும் சொல்லாமல் ஓடுகிறாயாம், ஞாயிற்றுக்கிழமைப் போட்டியை விடவே மாட்டேன் என்கிறாயாம். "அன்ரிக்குச் சொல்ல வேண்டாம் எண்டவள்" என்றார். ஏன் சொல்ல வேண்டாம் என்றாய் என்பது எனக்குத் தெரியும் பிள்ளை.

நாலு வருஷத்துக்கு முன் நீ பத்தாயிரம் மீற்றரில் நாட்டிலேயே முதலாவதாக வந்தபோது காலி வீதிக் கடைக்காரர் எல்லாரும் என்னை ஓட்டக்காரியின் அம்மா என்றார்கள், நான் தலைகால் தெரியாமல் திரிந்தேன். நீ வென்றால் ஆடிவேல் திருவிழாவுக்கு வெறுங்காலோடு பாற்செம்பு எடுப்பாய் என்று உன்னைக் கேட்காமலே முருகனுக்கு நேர்த்திக்கடன் வைத்திருந்தேன். கால் நோகிறது என்று நீ சொன்னாய். "ஆசியப் போட்டிக்கு மூண்டு கிழமைதான் இருக்கு, அடுத்த வருஷம் செய்யலாம்தானே அன்ரி" என்று ரெனால்டும் கெஞ்சினார். வைத்த நேர்த்தியைத் தள்ளிப்போட்டால் குற்றம் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி மட்டும் கொதிக்கிற தாரில் நீ நடந்தாய், நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தேன், செருப்புப் போட்டுக்கொண்டு.

ஆசியப் போட்டியில் பதினாறாவது சுற்றில் நீ காலைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்துவிட்டதை டீவியில் பார்த்தோம். எலும்பில் வெடிப்பு என்றார்கள். பயிற்சியில் வந்தது என்று பத்திரிகைக்காரருக்குச் சொன்னாய், அப்பாவுக்கும் அதையே சொன்னாய். இரண்டு வருஷம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோதும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை, திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு நீயாகவே எழும்பி, கடற்கரையோரம் நடந்து, மெல்ல ஓடி, கென்யா போய், போன மாதம் அங்கே ஒரு போட்டியில் மூன்றாவதாக வந்தாய். வீட்டுக்கு எத்தனை பேர் போன் எடுத்தார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது.

நேற்று ரெனால்டைக் கண்ட கையோடு கோயிலுக்குப் போனேன். பழக்கதோஷம், மஞ்சள் துணியில் காசு முடிந்துகொண்டுதான் போனேன். சந்நிதியில் நின்று முடிச்சை அவிழ்த்தேன். "பிள்ளையின்ட காலை வைச்சு இனி உன்னோட பேரம் பேச மாட்டன்" என்று முருகனிடமே சொல்லிவிட்டு, காசை உண்டியலில் போட்டேன், ஒன்றும் கேட்கவில்லை. உன் கால் எதனால் போனது என்று வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் சொன்னேன். "எனக்கு அண்டைக்கே தெரியும் நாகேசு" என்றார், பிறகு இருமினார்.

நாளைக்கே டொக்டரிடம் காட்டு, எக்ஸ்ரே எடுக்க மறக்காதே. ஓட வேண்டாம் என்றால் ஓடாதே, பாதியில் நின்றாலும் எங்களுக்கு ஒரு வெட்கமும் இல்லை. நீ வென்று தீர்க்க வேண்டிய நேர்த்தி எதுவும் இங்கே இல்லை. நீ நல்லாயிருக்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் ஆசீர்வாதம். நோகிறது என்று இந்த முறையும் சொல்லு பிள்ளை, நான் கேட்பேன்.

உன் அம்மா
நாகேஸ்வரி