எட்டாவது துண்டில் விழுந்த கோடு

ஆம்பூர்
புதன்கிழமை

அன்பு மகள் ஹெப்சிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் நானும் தம்பி இவானும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், இங்கிலாந்துக் குளிரில் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன். போனில் பேசினால் எனக்கு அழுகை வந்துவிடுகிறது, நீயும் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். தபாலில் போட்டால் நீ ரிப்போர்ட் கொடுக்கவேண்டிய வெள்ளிக்கிழமைக்குள் வராது, பக்கத்து வீட்டு ஜோயா இதைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். பிழை இருந்தால் சிரிக்காதே, நான் படித்தது ஐந்தாவதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன், தப்பென்றால் திருத்திக்கொள். தானாகவே சூடாகிக்கொண்டிருக்கும் அணுப்பொருளை ஒரு உலோக உறைக்குள் வைத்து மூடி, வானத்துக்குப் போகிற கலத்தில் வைப்பார்கள், அந்தச் சூட்டில்தான் கரண்டு எடுப்பார்கள், கலம் தவறி விழுந்தாலும் உறை உடையக்கூடாது. அந்தச் சூட்டில் உள்ளே இருப்பது உறையைத் தின்னாமல் இருக்கிறதா என்று பார்ப்பது உன் வேலை. அப்படி மூடின எட்டுத் துண்டை மாதக்கணக்கில் உலையில் வைத்து எடுத்து அறுத்துப் பார்த்தாய், ஏழு சுத்தம், எட்டாவதில் உறையின் உள்பக்கம் தலைமுடியை விட மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு. உன் பெரிய சார், அது அறுக்கும்போது விழுந்தது, ஏழு துண்டை மட்டும் ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போடு என்கிறார். நீ மறுபடி மெருகு போட்டுப் பார்த்தும் கோடு போகவில்லை. இது எனக்குப் புரியாத சங்கதி இல்லை பாப்பா. பதனிடுகிற மரப்பட்டைத் தண்ணீரில் ஊறின தோலில் ஒரு இரும்பு ஆணி பட்டாலே கறுத்துப்போகும், எத்தனை தேய்த்தாலும் போகாது, பதினாறு வருஷம் தோல் தரம் பிரிக்கிற மேசையில் நின்றவள் நான். ஆனாலும் என்ன சொன்னேன்? பெரியவங்க கூட இன்னா தகராறு, அவர் சொல்றபடி போட்டுட்டு வேலையப் பாரு என்றேன். நீயும் சரிம்மா என்றுவிட்டாய். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உனக்குச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அப்பா போன அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, தோல் டேனரியில் அவர் பார்த்துக்கொண்டிருந்த பாய்லரில் ஸ்டீம் பைப்புக்குப் புதுத் துண்டு வைத்து வெல்டிங் பண்ணின இடத்தில் பழுப்பாக ஒரு வரி ஓடுது என்றார். சூப்பர்வைசர்கிட்ட சொன்னா, எலியாசண்ணே உனக்குக் கண்ணாடி மாத்தணும், பெயிண்ட அடி, ஆபீசர் வர்றாருன்னு நக்கல் பண்றான், நான் பாய்லர் செக் பண்ற நோட்டுல சரின்னு எழுதமாட்டேன் என்று தட்டைத் தள்ளிவிட்டார். நான்தான், ஊர்ல இருக்கிற நியாயமெல்லாம் நீங்கதான் கேக்கணுமா, பேஜார் பண்ணாம எழுதிட்டு வாங்க என்றேன். போய் எழுதிவிட்டார். பதினொரு மணிக்கு அந்த வரியில்தான் வெடித்தது. அடக்கத்துக்கு அப்புறம் ஆபீசில் நோட்டைத் திருப்பிக் காட்டி, பாரும்மா உங்க வீட்டுக்காரர் கையெழுத்துதான என்றார்கள். அவர் கையெழுத்துதான், எழுத வைத்தது நான். ஏழு மாதமாகப் போதகரிடம்கூட இதைச் சொல்லவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எட்டையும் எழுது. உன் சார் சொல்வதே சரியாகவும் இருக்கலாம், அறுக்கும்போதே விழுந்திருக்கலாம், அப்படியென்றால் அதை அவர் பேரில் எழுதட்டும், உன் பேரில் வேண்டாம். தைரியமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே, வேலை போனால் விசாவும் போகும் என்று இவான் சொன்னதிலிருந்து ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். போனால் வந்துவிடு, நம் வீட்டுக் கதவு உனக்குத் திறந்துதான் இருக்கும். ஈரத்தலையோடு வெளியே போகாதே, காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ. கர்த்தர் உன் கையைப் பிடித்துக்கொள்வாராக.

ஒன்று மறக்காதே. இதைப் படித்ததும் எனக்குப் போன் பண்ணாதே, முதலில் ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு அப்புறம் கூப்பிடு. அதற்கு முன்னால் உன் குரலைக் கேட்டால் நான் பயந்துபோய் மறுபடியும் கையெழுத்துப் போடு என்றுதான் சொல்வேன்.

உன்னைப் பெற்றவள்,
ஆக்னஸ்