இந்த வீட்டில் உறங்கியவர்கள்

மே 6, திங்கள்

இன்றிலிருந்து மேளத்தடை. ஒரு மாதத்துக்கு அக்ராவில் கொட்டு கிடையாது, பாட்டு கிடையாது. விதைத்த சோளம் நிம்மதியாக முளைக்க வேண்டுமாம். அம்மாவின் தம்பி அனாங் மாமாவின் வாய்க்கு மட்டும் யாரும் தடை போடவில்லை. விடிந்ததும் விடியாததுமாக, அளவு நாடா வைத்திருந்த ஓர் ஆளோடு வந்து நின்றார். என் அறைக்குள், மேற்கு அறைக்குள், இரண்டு பேரும் செருப்போடு நுழைந்தார்கள். நான் கென்கே சோள உருண்டையைப் பிட்டு மீன் குழம்பில் தோய்த்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"என்ன மாமா இது?"

"எங்கப்பன் வீட்டை நான் விக்கிறேன், தேதே. எட்டு மாடி வரப்போகுது. உனக்கும் ஏதாவது ஏற்பாடு பண்ணுவோம்."

ஏற்பாடாம்! புருஷன் இன்னொருத்தியைக் கொண்டுவந்த அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தேன். பன்னிரண்டு வருஷம். அம்மாவைப் படுக்கையில் வைத்துக் கழுவித் துடைத்து அடக்கம் பண்ணியது இந்தக் கை. அப்போது இந்த மாமா எங்கே இருந்தார்? இந்த அறையை விட்டால் எனக்குப் போக ஓர் இடம் உண்டா?

மே 9, வியாழன்

அயிக்வே பெரியவரைப் பார்த்தேன். எங்கள் குடும்பத் தலைவர். அவர் கையெழுத்து இல்லாமல் வீடு கைமாறாது.

"அவன் அப்பன் வீடுங்கிறான், நீ அம்மா வீடுங்கிற. வாயால சொன்னா ஆயிடுமா? அங்க யார் யார் குடியிருந்தாங்கன்னு எழுதிக் கொண்டா. ஹோமோவோ பண்டிகைக்கு முந்தி முடிச்சு விட்டுடறேன்" என்றார்.

முப்பது வருஷம் துறைமுக அலுவலகத்தில் தட்டச்சு அடித்தவள். பட்டியலுக்கா பயப்படுவேன்?

மே 16, வியாழன்

வரி அலுவலகத்தில் பழைய புத்தகங்களைப் புரட்டினேன். தூசியில் தும்மித் தும்மிக் கண் சிவந்ததுதான் மிச்சம். 'குடியிருப்பவர்: ஒடோய்.' அம்மாவின் அப்பா. அவருக்கு முன்னால் அவர் மாமனார். ஒடோய்க்குப் பின்னால் அனாங் மாமா. ஒரு பெண்பிள்ளை பெயர்கூட இல்லை. அப்படியானால் மாமா சொல்வதுதான் நிஜமா?

மே 17, வெள்ளி

மாமா வாசலில் நின்று சிரித்துவிட்டுப் போனார். அதற்குள் சேதி போய்விட்டது.

மே 25, சனி

மூன்று சந்து தள்ளி இருக்கும் ஆண்கள் வீட்டில் சோவா கிழவர் இருக்கிறார். எண்பத்தெட்டு வயசு. பல் போய்விட்டது, வாய் போகவில்லை. ஒடோய் தாத்தா எங்கள் வீட்டில் எந்த அறையில் இருந்தார் என்று கேட்டேன். கிழவர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"எந்த அறையிலயா? அதோ, அந்த ஜன்னல் ஓரத்துப் பாயில! என் பக்கத்துல! என்னா குறட்டை!"

"வரிப் புத்தகத்துல எங்க வீடுன்னு இருக்கே?"

"வரிக்காரன் வந்து 'இங்க ஆம்பள யாரு'ன்னு கேப்பான். பொம்பளைங்க புருஷன் பேரோ மகன் பேரோ சொல்லுவாங்க. எழுதிக்கிட்டுப் போவான். ஏ தேதே, சாயங்காலமானா உங்க வீட்லேர்ந்து சோத்துச் சட்டி இங்க வரும். நக்கிட்டுத் திருப்பி அனுப்புவோம். பொண்டாட்டி வேணும்னா ராத்திரி அவ இங்க வந்துட்டுப் போவா. அந்த வீட்ல ஒரு ஆம்பள தூங்கி எழுந்தான்னா ஊரே காறித் துப்பும்."

ஆண்களுக்கு ஒரு வீடு, பெண்களுக்கு ஒரு வீடு. எங்கள் கா இனத்தில் பிறந்த யாருக்கு இது தெரியாது? எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்தப் புத்தகத்தை நம்பினேன். முத்திரை குத்திய தாள் என்றால் என் மூளை அப்படியே நின்றுவிடும். இத்தனை வருஷத்து அலுவலகப் புத்தி!

ஆக, வீடு பெண்கள் வீடு. மாமா சாப்பாட்டுக்கு வந்தவர், அவ்வளவுதான்.

ஜூன் 2, ஞாயிறு

தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவு, கல்லறை, அக்கம்பக்கத்துக் கிழவிகள். எல்லாவற்றிலும் அலைந்து பதினொரு பெண்களைப் பிடித்துவிட்டேன். சுவர் எழுப்பிய அமெர்லே, அவள் மகள் லாமிலே, லாமிலேயின் மகள்கள் கோர்கோரும் காயும். கோர்கோர் என் அம்மா. காய் சித்திக்குப் பிள்ளை இல்லை. மற்றவர்கள் லாமிலேயின் தங்கைமார், அவர்கள் பெண்கள். அந்த வழியில் யாரும் மிஞ்சவில்லை. கால் வீங்கிப் போயிற்று. போகட்டும்.

ஜூன் 8, சனி

பட்டியலைச் சுத்தமாக எழுத உட்கார்ந்தேன். கோர்கோர், காய் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது.

லாமிலே பாட்டி காலத்திலிருந்து எங்களில் எந்தத் தாய்க்கும் மூத்த பெண் தேதே, இரண்டாமவள் கோர்கோர், மூன்றாமவள் காய். பிறந்த வரிசைதான் பெயர். என் அம்மா கோர்கோர் என்றால், அவளுக்கு முன்னால் பிறந்த தேதே எங்கே?

ஐம்பத்தெட்டு வயசுவரை எனக்கு இது தோன்றவேயில்லை. அம்மாவுக்கு நான் முதலும் கடைசியுமான பெண், அதனால் நானும் தேதே. வீட்டில் தேதே என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நான் இருந்தேன். அந்தப் பெயருக்கு வேறு ஆள் இருந்தாளா என்று ஏன் தேடப்போகிறேன்?

ஜூன் 9, ஞாயிறு

லாமிலேயின் மூத்த மகள் எங்கே என்று சோவா கிழவரிடம் போய்க் கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"உன் பெரியம்மா ஒரு வடக்கத்தி சிப்பாயைக் கட்டிக்கிட்டா. அவனுக்கு இந்த ஊர்ல ஏது ஆண்கள் வீடு? போக இடமில்லாதவன். ஒரு மழை நாளு, பாவம்னு தன் அறையிலயே படுக்க வச்சுட்டா. மேற்கு அறை. வயித்துல அப்ப பிள்ளை. காலையில சாமானெல்லாம் சேத்துல கிடந்துச்சு. அதுக்கப்புறம் அவ பேரை அங்க யாரும் எடுத்ததில்ல."

"வெளியே எறிஞ்சது யாரு? அவங்க அம்மாவா?"

"லாமிலே அழுதுக்கிட்டு நின்னா. எறிஞ்சு கதவைச் சாத்தினது கோர்கோரு. உங்கம்மா."

மேற்கு அறை. என் அறை! அம்மா, நீயா?

ஜூன் 15, சனி

கிழவர் சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு, வடக்கத்தியர் வாழும் நீமா பேட்டைக்குப் போய்விட்டு வந்தேன். பெரியம்மா செத்து இருபது வருஷமாகிறது. மகள் இருக்கிறாள், மெமுனா. பெரிய அண்டாவில் அரிசியும் காராமணியும் வேகவைத்து இலையில் மடித்து விற்கிறாள். அறுபது தாண்டியிருக்கும். கோர்கோரின் மகள் என்றதும் அகப்பையைக் கீழே போட்டுவிட்டாள். நாலு வார்த்தை திட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

"தங்கச்சி! நின்னுக்கிட்டே இருக்கியே, உக்காரு. முதல்ல தின்னு" என்றாள். எனக்கு மட்டும் இரண்டு முட்டை வைத்தாள். அம்மாவின் அதே நெற்றி.

கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த வீட்ல எனக்கும் ஒண்ணு வேண்டியிருக்கு. இப்ப வேணாம். அப்புறமா வந்து கேக்குறேன்."

வரும் வழியெல்லாம் அதுதான் மண்டையில் ஓடியது. என்ன வேண்டுமாம்?

ஜூன் 20, வியாழன்

அயிக்வே பெரியவரிடம் நைசாகக் கேட்டேன். "பெண்கள் வீடுன்னா மூத்த மகள் வழிதான். விக்கிறதோ வச்சுக்கிறதோ, அவ சொல்றதுதான் சட்டம்" என்றார்.

அதாவது மெமுனா. நான் தூசி தின்று, கால் வீங்கி, தேடித் தேடிக் கண்டுபிடித்து அவளுக்குக் கொடுக்க வேண்டும். மூன்று பையன்கள், ஒற்றை அறை அவளுக்கு. விற்காமல் விடுவாளா? நானாக இருந்தால் விடுவேனா?

ஜூலை 3, புதன்

பன்னிரண்டு பெயர் எழுதினேன். கிழித்தேன்.

ஜூலை 11, வியாழன்

பதினொன்று எழுதினேன். அதையும் கிழித்தேன். எனக்கு இரண்டு முட்டை வைத்தாளே, பாவி.

ஜூலை 20, சனி

கூட்டம் நடந்தது. சோவா கிழவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். ஆண்கள் எல்லாரும் ஆண்கள் வீட்டில்தான் படுத்தார்கள் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். மாமா வரிப் புத்தகத்து நகலை ஆட்டினார். "உன் அப்பன் படுத்த பாயை நான் காட்டட்டுமாடா?" என்று கிழவர் கேட்டதும் கூட்டமே சிரித்தது. என் பட்டியலை வாசித்தார்கள். பதினொரு பெயர்.

மாமா லேசுப்பட்டவர் இல்லை. "கோர்கோர் இருக்கா, காய் இருக்கா. தேதே எங்க?" என்று பிடித்துவிட்டார். அவர் பிறந்து தவழும் முன்பே அவளைத் துரத்தியாகிவிட்டது. அவருக்கும் தெரியாது.

பெரியவர் என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

"பேர் வைக்கிறதுக்குள்ளயே செத்துப்போச்சாம். அம்மா சொல்லியிருக்கா" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை.

சோவா கிழவர் கைத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு கோர்கோர் வழிக்கு என்று முடிவாயிற்று. அந்த வழியில் நான் ஒருத்திதான்.

ஜூலை 21, ஞாயிறு

கிழவருக்கு மீன் குழம்பு கொண்டுபோனேன். மூடியைத் திறக்கவே இல்லை.

"ஏன் தாத்தா நேத்து சும்மா இருந்தீங்க?"

"அந்த வீட்டுச் சட்டியில தின்ன வாய். அதான் திறக்கல. ஆனா ஒண்ணு தேதே. உங்கம்மா ஒரு தடவை சாத்தின கதவை நீ இன்னொரு தடவை சாத்திட்ட. அவளாவது கோவத்துல சாத்தினா. நீ எழுதிப் படிச்சுப் பார்த்துச் சாத்தியிருக்க."

குழம்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஹோமோவோ. பெரியவர் எங்கள் வாசலில் சோளப் படையலைத் தூவிச் செத்தவர்களைக் கூப்பிட்டார். இத்தனை வருஷமும் ஆண்கள் பெயராகவே கூப்பிடுவார்கள். இன்று முதல் தடவையாகப் பெண்கள், என் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு: அமெர்லே, லாமிலே, கோர்கோர்... பக்கத்து வீட்டுப் பெண்கள் குலவை போட்டார்கள். ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் பண்டிகைப் பாமாயில் குழம்பைத் தொடாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பண்டிகைக்கு மறுநாள் காலை. வீடு வீடாகப் போய், பழைய பிணக்கை விட்டு வாழ்த்துச் சொல்லும் நாள். கதவைத் திறந்தால் மெமுனா, வெள்ளைத் துணி முக்காடு, தலையில் மூடிய பாத்திரம். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வா, அக்கா."

"வேணாம். உங்கம்மா இருந்த வரைக்கும் இந்தப் பக்கம் வர எனக்குத் தைரியமில்ல. அன்னிக்கு ஒண்ணு வேணும்னேன்ல? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

கேள், வீடுதானே, கேட்டுத் தொலை என்று உள்ளே கத்தியது. தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா. ஒரே ஒரு ஹோமோவோவுக்காவது அந்த வாசல்ல என் பேரைக் கூப்பிடுவாங்களான்னு. வேற ஒண்ணும் கேக்கல, வீடெல்லாம் எனக்கு எதுக்கு? நேத்து பொம்பளைங்க பேரெல்லாம் கூப்பிட்டாங்களாமே, ஊரே பேசுது. நீதான் தேடிப்பிடிச்சு எழுதினியாம். தங்கச்சி... எங்கம்மா பேரைக் கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க" என்றேன். "முதல் பேரே அதுதான்."

அவள் அங்கேயே மண்ணில் மண்டியிட்டுப் படியைத் தொட்டுக் கும்பிட்டாள். பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். மேற்கு அறையைக்கூடப் பார்க்கக் கேட்கவில்லை.

பாத்திரத்தில் அரிசியும் காராமணியும். மேலே இரண்டு முட்டை.