யாரும் வீடு போக முடியாத விளையாட்டு

ஞாயிறு, 3 ஜூன் 1984

காலையில் தூறல். கோவில் ஃபன்ஃபேரில் விற்க, பரமபதம் மாதிரி விளையாட்டு அட்டை அறுபது செட் செய்து தருவதாக ஃபாதரிடம் ஒத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகக் கை தூக்கினேன். வண்ணம் தீட்ட மாடி வீட்டுத் தெரேசா வருவாள் என்று தெரிந்துதான். இங்கே எழுதாமல் வேறு யாரிடம் சொல்வது.

வாங்க: ஸ்டென்சில் தாள் 4, அட்டை, பசை, பகடை. காய்களுக்குப் பழைய பொத்தான். தெ. வேலை செய்யும் தையல் கடையில் டப்பா டப்பாவாக இருக்கிறதாம்.

செவ்வாய், 5

வெயில். ஆபீஸில் நாள் முழுக்கக் கட்டம் யோசனை. மொத்தம் நூறு. எங்கள் ஜாலான் புசாரில் தொடக்கம், நூறில் புதுவீடு. நேராகப் போகாது, ஊரைச் சுற்றும். பஸ் தவறினால் மூன்று கட்டம் பின்னால். 63-ல் பாசிர் ரிஸ் கடற்கரை, அங்கே ஒரு ஆட்டம் சும்மா உட்கார வேண்டும். மேனேஜர் இரண்டு தடவை கூப்பிட்டாராம். நான் கடற்கரையில் இருந்தேன்.

வியாழன், 7

தெ.யின் அண்ணன் அந்தோணிக்கு புக்கிட் பாத்தோக்கில் அரசாங்க வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது. மாதக் கடைசியில் குடிபோகிறார்கள். தெ.யும்தான். மாடிப்படியில் சொன்னாள்.

"பஸ் ரெண்டு மாறணும் லா. தையல் கடைய விட்டுட வேண்டியதுதான்."

"ஓ" என்றேன். எட்டு வருஷமாக ஒரே மாடிப்படி, கடைசியில் வாயில் வந்தது "ஓ".

சனி, 9

மத்தியானம், கோவில் ஆபீஸ் அறை. ஸ்டென்சிலில் ஊசிப் பேனாவால் கட்டங்களும் விதிகளும் கீறினேன். நகல் எடுக்கும் மெஷினில் மை, பிறகு கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு தாள். ஈரத் தாள்களைக் கொடி கட்டி மாட்டினோம். ஃபேன் காற்றில் அறுபது ஊர்களும் அசைந்தன. நடுவில் தெ.

"காயட்டும். அப்புறம்தான் கடலுக்கு நீலம்."

அவள் மூக்கில் மை. சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிறு, 10

பூசை முடிந்து மாடியில் ஆடிப் பார்த்தோம். அந்தோணி அண்ணன், அண்ணி, தெ., நான். ஒன்றரை மணி நேரம். யாரும் ஜெயிக்கவில்லை.

தப்பு என்னுடையது. விதி 4: ஒரு காய் நிற்கும் கட்டத்துக்கு இன்னொன்று வந்தால் முதல் காய்க்கு வெட்டு, திரும்பவும் ஜாலான் புசார். விதி 9: தனிக் காய்க்கு வீடு கிடையாது, 99-ல் இரண்டு காய் சேர்ந்து நின்றால்தான் உள்ளே போகலாம். கல்யாணமாகாத ஆள் தனியாக அரசாங்க வீட்டுக்கு மனுப் போட முடியாத ஊர். விதியும் கையோடு அப்படியே வந்துவிட்டது. சேர்ந்தால் வெட்டு, சேராவிட்டால் வீடு இல்லை. அறுபது தாளிலும்.

அண்ணிக்குச் சிரித்துச் சிரித்து இருமல். அண்ணனைக் காட்டி, "இவரு வீடு வாங்கின மாதிரிதான், அலைச்சலுக்கு முடிவே இல்ல."

தெ. மட்டும் சிரிக்கவில்லை. விதித் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கள், 11

மழை. தெ.யிடம் கேட்க வேண்டியது ஒன்று. கேட்கப் போவது எந்த விதியைக் கோடு போட்டு அடிப்பது என்று. கோழைப் பயல் நான்.

செவ்வாய், 12

வேலை முடிந்து நேரே கோவில் அறை. பசை வாடை, ஜன்னலில் மழை. தெ. முன்னாடியே வந்திருந்தாள்.

"நாலை அடிக்கவா, ஒம்பதை அடிக்கவா?"

ஒரு தாளையும் பேனாவையும் எடுத்தாள். "வெட்டு விதிய அடிச்சிடுங்க. ஒம்பது இருக்கட்டும்."

ஆளுக்கு முப்பது தாள். அவள் தலை நிமிராமல் அடித்துக்கொண்டே:

"உங்க ஐ.சி. நம்பர் என்ன?"

"எதுக்கு?"

"வீட்டு ஃபார்ம்ல ரெண்டு பேர் நம்பரும் கேக்கறாங்க. அண்ணன்கிட்ட ஒரு ஃபார்ம் மிச்சம் இருந்துச்சு."

நம்பர் ஞாபகம் வரவில்லை. ஆபீஸில் தினமும் எழுதுகிற அடையாள அட்டை நம்பர். பர்ஸை எடுத்து அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டேன்.