காப்பு கட்டிய பிறகு கோலாலம்பூர்

மே 4, சனி

டிக்கெட் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை திருச்சியிலிருந்து கோலாலம்பூர், திங்கள் திரும்புகிறோம். நான், சௌமியா, காயத்ரி. சேலம் கல்லூரியில் மூன்று வருடமும் ஒரே பெஞ்ச். பரீட்சை முடிந்துவிட்டது. இனி சௌமியா ஓசூருக்கு, காயத்ரி கோவைக்கு. நான் எங்கே என்று எனக்கே தெரியாது.

இரண்டு கோடை விடுமுறையில் ஏற்காட்டு ஹோட்டல் ரிசப்ஷனில் நின்று சிரித்த சிரிப்பெல்லாம் இதற்காகத்தான். உலகமே எங்கள் மலைக்கு டூர் வருகிறது. நான் ஒரு தடவையாவது டூர் போக வேண்டாமா?

பாஸ்போர்ட் ஊரில், அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. செவ்வாய் போய் எடுத்துவர வேண்டும்.

மே 7, செவ்வாய்

நாசமாய்ப் போச்சு.

மழை வந்துவிடும் என்று மாரியம்மன் நோன்பை ஒரு வாரம் முன்னாலேயே வைத்துவிட்டார்களாம். எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. கிளியூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, எஸ்டேட் லைன் வீட்டுக்கு நடந்து, கை கழுவிச் சோற்றில் கை வைக்கிறேன், மேளம் கேட்கிறது. காப்பு கட்டிவிட்டார்கள்.

காப்பு கட்டும்போது ஊருக்குள் இருக்கிற ஆள், தீமிதி முடிகிறவரை வெளியூரில் இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், படுக்க ஊருக்கு வந்துவிட வேண்டும். அதற்கு முன்பே வெளியே போனவர்களுக்கு இந்தக் கட்டு கிடையாது. ஒரு பஸ் தாமதமாக வந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

தீமிதி ஞாயிற்றுக்கிழமை. அப்பா இறங்குகிறார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறார்.

கட்டை மீறினால் மிதிக்கிறவர் காலில்தான் பிடிக்கும் என்பார்கள். முன்பு மூக்கன் மாமாவுக்குக் கால் வெந்தது. மகன் பெங்களூரில் தங்கியதுதான் காரணம் என்றார்கள். அந்த அண்ணன் இன்றுவரை பொங்கலுக்குக்கூட ஊருக்கு வருவதில்லை.

மே 8, புதன்

சின்னசாமி பெரியப்பா காலையிலேயே வந்துவிட்டார். அப்பாவுக்கு அண்ணன், கோயில் தர்மகர்த்தா வேறு. "ஏங்கண்ணு காவேரி, ப்ளேனு அடுத்த மாசமும் பறக்குமில்ல?"

"டிக்கெட்டை மாத்த முடியாதுங்க பெரியப்பா."

"ஆத்தா சொன்ன நாளையும் மாத்த முடியாது சாமி."

போன வாரம் மாற்றினீர்களே! வாய்வரை வந்தது. அம்மா முறைத்தாள், விழுங்கிக்கொண்டேன்.

அவர் போனதும் அம்மா ஆரம்பித்தாள். "நொம்பத்தான் துள்ளாத. நாளைக்கு உங்கப்பனுக்கு ஒண்ணுன்னா, ஊரு உன்னையத்தான் பேசும்." அப்பா காப்பித் தோட்டத்துக்குக் கவாத்து வெட்டப் போய்விட்டார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. பிறகு ஏன் சோறு இறங்கவில்லை? சௌமியாவுக்கு 'வரல' என்று அடித்தேன். அனுப்பவில்லை. அழித்தேன். மறுபடி அடித்தேன்.

மே 9, வியாழன்

விடிந்ததும் வாசலில் என் பை. அப்பா தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். விரதம் என்பதால் காலில் செருப்பு இல்லை. ஒண்டிக்கடை பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். டீக்கடையில் ஊர் ஆட்கள் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழுகிற மாதிரியே சொன்னார்:

"போயிட்டு வா கண்ணு. நெருப்புல எறங்கறது நானு. அதுக்கு நாந்தான் பதிலு."

பஸ் அடிவாரம் இறங்குகிறவரை அழுதேன். பக்கத்து சீட் அம்மா எனக்கு வாந்தி என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

மே 10, வெள்ளி

கோலாலம்பூர். மேகத்துக்கு மேலே பறந்தேன். ஏற்காட்டில் மேகம் வீட்டுக்குள்ளேயே வரும், அதனால் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை என்றேன். பொய்.

மே 11, சனி

இரட்டைக் கோபுரம் பார்த்தோம். கழுத்து வலிக்க அண்ணாந்து நாற்பது போட்டோவாவது எடுத்திருப்போம். ஒன்றில்கூட நான் கேமராவைப் பார்க்கவில்லையாம். "உடம்பு இங்க, உசுரு கிளியூர்ல. ஊர்லயே விட்டுட்டு வந்திருக்கலாம்டி உன்னைய" என்றாள் காயத்ரி. சிரித்தேன். அப்புறம் அவள்மேல் கோபம் வந்தது. அப்புறம் என்மேல்.

சந்தைத் தெருவில் அப்பாவுக்கு ஒரு துணி ஷூ வாங்கினேன், பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. அவர் அளவு எட்டு. அறைக்கு வந்து பார்த்தால் ஒன்பது. என் கவனம் அந்த லட்சணத்தில் இருக்கிறது.

மே 12, ஞாயிறு

பத்துமலை. வெயில். கோயிலுக்காகச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் கால் வைத்தேன். சுட்டது. எடுக்காமல் நின்றேன். "பைத்தியமாடி?" என்று சௌமியா கையைப் பிடித்து நிழலுக்கு இழுத்தாள்.

இங்கே இருட்டிவிட்டது. ஊரில் இப்போதுதான் பொழுது இறங்கும். குழியில் பூ அள்ளிக் கொட்டியிருப்பார்கள், நெருப்புக் கங்குக்கு ஊரில் அதுதான் பேர். அம்மாவுக்கு போன் போகவே இல்லை. மலையில் சிக்னல் எப்போதுதான் இருந்திருக்கிறது! சாப்பாட்டுக் கடையில் நாலு தடவை எழுந்து வெளியே போனேன். நம்பிக்கை இல்லாதவள் மாரியாத்தாவிடம் என்ன கேட்பது? என்னைச் சுடு, அவரை விட்டுவிடு என்றா? கேட்டேன். கேட்டுத்தான் தொலைத்தேன்.

பிறகு —

அம்மாவே கூப்பிட்டாள். "உங்கப்பன் பூவாட்டம் நடந்து வந்துட்டாருடி. நீ ஒழுங்கா சாப்பிடு."

மே 13, திங்கள்

விமானத்தில் மூவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினோம். இந்த நாலு நாளில் நான் உண்மையில் கோலாலம்பூரில் இருந்தது இன்று காலை மட்டும்தான். தேங்காய்ப்பால் சோறு நன்றாக இருந்தது.

மே 14, செவ்வாய்

ஊர் முழுக்க ராஜமரியாதை. பெரியப்பாவே எதிரே வந்து, "ஆத்தா உன்னைய மன்னிச்சுட்டா கண்ணு" என்றார். எங்கே மலேசியா மிட்டாய் என்று கையை நீட்டினார்.

அப்பா கட்டிலில் போர்வையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஷூவைக் கொடுத்தேன். "அளவு தப்பாயிருச்சுங்கப்பா, ஒரு சைஸ் பெருசு."

"கெடக்கட்டும், குடு." திரும்பி உட்கார்ந்து மெதுவாகப் போட்டுக்கொண்டார். "அளவெடுத்துத் தெச்சாப்புல இருக்குது கண்ணு."

நல்லவேளை என்று நினைத்தேன்.

மே 16, வியாழன்

அப்பா ஷூவைக் கழற்றவே மாட்டேன் என்கிறார். தோட்டத்துக்கும் அதுதான், வீட்டுக்குள்ளும் அதுதான். பெரியப்பாகூடக் கேட்டார். "என்றா தம்பி, ஊட்டுக்குள்ள செருப்பு?"

"புள்ள வாங்கியாந்ததுங்கண்ணா. கழட்ட மனசு வரலீங்."

பெரியப்பா சிரித்தார். நானும் பூரித்துப் போனேன். ஆனால் வாசற்படியில் செருப்பு பட்டாலே கத்துகிற அம்மா ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

மே 17, வெள்ளி

துவைக்கிற கல்லுக்குப் பின்னால், காப்பிச் செடியின் கீழே, துணிக்கட்டு கிடந்தது. அம்மாவின் பழைய சேலையைக் கிழித்தது. மஞ்சளும் சீழும் காய்ந்து ஒட்டியிருந்தது.

எட்டு நம்பர் காலுக்கு ஒன்பது நம்பர் ஷூ எப்படிச் சரியாக இருக்கும்? மடச்சி. மூன்று நாளாக அதைப் போட்டுக்கொண்டு என் முன்னால் நொண்டாமல் நடக்கிறார்.

அம்மாவைப் பார்த்தேன். அவள் துணியைப் பார்த்தாள். "நெருப்புன்னா சுடத்தான் செய்யும். உன்னால இல்ல" என்றாள். அதை எடுத்து அடுப்பில் போட்டாள்.

அப்பாவிடம் எனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சாயங்காலம் டீ கொடுக்கும்போது, "ஷூ கடிக்குதுங்களாப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

"சேச்சே, பஞ்சு" என்றார்.

நாளை முதல் பஸ்ஸில் சேலம் போகிறேன். தீப்புண் மருந்து வாங்க வேண்டும். ஒண்டிக்கடையில் வாங்கினால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.