நீலக் கட்சி நானாவுக்கு, கப்பல் வெங்காயம் பற்றி

இல்லை நானா, இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். "கட்சி மாறல தம்பி, காலந்தான் மாறிரிச்சி" என்றீர்களே, அதற்கு என்னைப் பதில் சொல்ல விட்டீர்களா? இன்று காலை மாத்தளைச் சந்தையில், சிவப்பு வலைப் பைக்குள் கப்பலில் வந்த பெரிய வெங்காயம் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. ஒன்றைக் கையில் எடுத்தேன். பழைய சண்டை அப்படியே கிளம்பிவிட்டது. வீட்டுக்கு வந்தும் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நடக்கிறேன், உட்காருகிறேன், ஊற்றிய தேத்தண்ணி ஆறிப் போய்விட்டது. நீங்கள் மவுத்தாகி மண்ணுக்குள் போய் இத்தனை காலத்துக்குப் பிறகும் என் தேத்தண்ணியைக் கெடுக்கிறீர்கள்.

அண்ணன் தம்பியாய்ப் பழகிய நமக்குக் கட்சியைக் கொடுத்தது வயிறுதான். அந்தக் காலத்தில் நீலக் கட்சி ஆட்சி வெளிநாட்டுச் சாமானுக்குக் கதவைச் சாத்தியது. டவுனில் நான் ஒரு பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்றேன். நீங்கள் கலேவெலயில் மிளகாயும் வெங்காயமும் போட்டுக் கல்வீடு கட்டினீர்கள். பிறகு பச்சைக் கட்சி வந்து கதவைத் திறந்தது. எனக்கு ஓட்டுவதற்கு ஜப்பான் லொறி கிடைத்தது. உங்கள் மிளகாயைக் கேட்க ஆளில்லாமல் போனது. அன்றிலிருந்து நீங்கள் நீலம், நான் பச்சை. உங்கள் மூட்டையை ஏற்ற நான் லொறியோடு வரும்போதெல்லாம் நமக்கு இதே சண்டை.

நடுவில் என் பச்சைக் கட்சி ஜனாதிபதி ஒருவர் ஏழைக் குடும்பங்களுக்கு அள்ளிக் கொடுக்கத் தொடங்கியபோது உங்கள் வாயைப் பிடிக்க முடியவில்லை.

"ஒங்கட கட்சி முதலாளிமார் கட்சியெல்லோ? ஏழைக்குக் குடுக்கிறது எங்கட வேல. ஒங்கட ஆளு எங்கட சட்டைய உடுத்திக்கிட்டு ஈக்காரு."

"சட்டை அளவா இருக்குல்ல நானா, விடுங்க" என்றேன்.

பல வருடம் கழித்து உங்கள் நீலக் கட்சி திரும்பவும் வென்றது. உங்கள் ஆள் ஜனாதிபதியானார். வயல்வெளியெல்லாம் பட்டாசு. நீங்கள் பாற்சோற்றுத் தட்டை நேராக என் மூக்குக்கு நீட்டினீர்கள்.

"எங்கட ஆள் வந்தாச்சு. இனி கப்பல் வராது."

"கூட்டத்துல கப்பல நிப்பாட்டுறேன்னு ஒரு வார்த்தை சொன்னாங்களா நானா? நானும் கேட்டேன், அப்பிடி ஒண்ணும் காதுல விழல."

"அதெல்லாம் சொல்லணுமா? மாமியார் ஊட்டுக்குப் போறவன் சோறு போடுவீங்களாண்டு கேட்டுட்டா போவான்?"

அந்த நம்பிக்கையில்தான் இருந்த நிலம் முழுவதையும் வெங்காயமாக்கினீர்கள். வீட்டுக்கென்று சோளம் போடும் துண்டைக்கூட விடவில்லை. தாத்தா, அதுதான் நான் அக்கா முறைக்குக் கூப்பிடும் உங்கள் வீட்டம்மா, "பாதிக்குப் போடுங்களே" என்று சொன்னதற்கு, "எங்கட ஆட்சியில பாதி போடுறவன் பச்சைக்காரன்" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள்.

விளைந்தது. நீங்கள் வெங்காயத்தைக் கிண்டி எடுப்பதும் கப்பல் வருவதும் ஒரே நேரமாக இருந்தது. தம்புள்ளைச் சந்தையில் உங்கள் வெங்காயத்தைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. பரணில் போட்டது முளைவிட்டது. அப்போதும் நீங்கள் அசையவில்லை. "மேலே இருக்கிறவங்களுக்குத் தெரியாது, போய்ச் சொல்லணும்" என்றீர்கள். முதல் மூட்டையைக் கட்சி அமைப்பாளர் வீட்டுக்குக் கொடுப்பது உங்கள் ஊர் வழக்கம். அந்தச் சாக்கில் என் லொறியில் ஏறினீர்கள். வழியில் சோதனைச் சாவடியில் சிப்பாய் மூட்டைக்குள் கம்பியை இறக்கிக் குண்டு தேடினான். "வெங்காயம் மாத்தயா, வெங்காயம்" என்று நீங்கள் கெஞ்ச, "இது ஒரு சதமும் பெறாதுன்னு அவனுக்கும் தெரிஞ்சிருக்கு" என்று நான் சிரித்தேன்.

மாத்தளையில் அமைப்பாளர் நல்ல மனிதர். நாற்காலி போட்டார். நீங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிங்களத்தில் பதமாகச் சொன்னார்: "இப்ப உலகமே இப்பிடித்தான் முதலாளி. கதவ மூடினா நாடு நிக்காது. தொறந்துதான் வைக்கணும். ஆனா நாங்க மனுஷ முகத்தோட தொறந்து வைக்கிறோம்."

அவர் மனைவி உங்கள் மூட்டையை வாங்கிக் குசினி வாசலில் வைத்தார். அதற்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு சிவப்பு வலைப் பை இருந்தது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள். நீங்கள் பார்த்ததை நானும் பார்த்தேன்.

திரும்பும்போது நான் சும்மா வந்திருக்கலாம். என் வாய் கேட்குமா?

"நானா, மனுஷ முகம்னாரே, அது கப்பலுக்கு முன்பக்கமா பின்பக்கமா? இந்தத் தடவை உங்க ஆளு எங்க சட்டையப் போட்டுக்கிட்டாங்க போல."

நீங்கள் திட்டுவீர்கள் என்று நினைத்தேன். கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தபடி, "கட்சி மாறல தம்பி, காலந்தான் மாறிரிச்சி" என்றீர்கள், அவ்வளவுதான். அடுத்த போகத்துக்கு நிலம் குத்தகைக்குப் போகப்போகிறது என்பது எனக்கு அப்போது புரிந்தது.

நானா, நான் சொல்ல இருந்த பதில் இதுதான். எல்கடுவ தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, குடியுரிமை இல்லாமல் கிடந்த எனக்கு ஓட்டு கிடைத்ததே தலை நரைத்த பிறகு. உங்கள் ஆள் ஜனாதிபதியான அந்தத் தேர்தலில் அதைக் கொண்டுபோய் நீலத்துக்குப் போட்டேன். கொள்கை எனக்கென்ன தெரியும்? உங்கள் வெங்காயம் விலை போனால் என் லொறியும் ஓடும், உங்கள் முகத்திலும் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். பச்சைக்காரர் நீலக்காரர் மாதிரி அள்ளிக் கொடுத்தார், நீலக்காரர் பச்சைக்காரர் மாதிரிக் கதவைத் திறந்தார், பச்சைக்காரன் நானும் மாறிப் போட்டேன். மாறாதவர் நீங்கள் ஒருவர்தான். ஏமாந்தவரும் நீங்கள்தான்.

அதைச் சொல்லத்தான் அன்று திரும்பும் வழியில், நாலந்தா ஊர் கிட்டே லொறியை மெதுவாக்கினேன்.

"நானா, ஒண்ணு சொல்லணும். அந்தத் தடவை நான் போட்டது..."

"நிப்பாட்டுங்க தம்பி. நான் பஸ்ஸுல போறன்."

அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை சந்தித்தோம். பிள்ளைகளின் கலியாணம், சுகதுக்கம் எல்லாம் பேசினோம். கட்சி என்று வாயெடுத்தால் மட்டும் எழுந்துவிடுவீர்கள். பாதியில் நின்ற அந்தப் பேச்சு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சந்தையில், கோயிலில், சோற்றுக்கு முன்னால், எங்கே உட்கார்ந்தாலும் என்னை எழுப்பிவிடுகிறது.

அன்றைக்கு நீங்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தம்புள்ளைப் பக்கமாக நடந்தீர்கள். நான் லொறியைப் பின்னாலேயே உருட்டினேன், தலையை வெளியே நீட்டி, "கேட்டுட்டுப் போங்க நானா, நான் போட்டது உங்க..." என்றேன். எதிரே ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. நீங்கள் திரும்பவில்லை.