கினிப்பன்றி மூட்டை சுமப்பதில்லை

திருகோணமலை
12.8.1963

அன்புள்ள உம்மாவுக்கு, ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நல்ல சுகம்.

ஆய்வுகூடத்தில் ஒரு சின்னக் கதை. துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் வின்சன்ட் எங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவருடைய காசநோய்க் கிருமி குளிசை மருந்துக்கு அடங்குவதில்லை. டாக்டர் சிரித்தார்.

"மருந்தை வெண்ட கிருமி மெலிஞ்சு போச்சுது. அதை ஊசியில ஏத்தின கினிப்பன்றியே கொழுத்து நிக்குது. ஆபத்தில்லை எண்டு நீர் அறிக்கை எழுதும், ஆள் வேலைக்குப் போகட்டும்."

"ஏலாது, ஐயா. கினிப்பன்றி வயிறு நிறையத் தின்னுது, மூட்டை தூக்கிறதில்லை. மெலிஞ்ச கிருமிக்கு மெலிஞ்ச மனுசன் போதும். வின்சன்ட் இன்னும் இரத்தம் துப்புறார்."

நான் எழுதவில்லை. வின்சன்ட்டின் கட்டில் தப்பியது. எனக்குக் கினிப்பன்றிக் கூடு கழுவும் வேலை கிடைத்தது. கழுவுகிறேன், எழுத மாட்டேன்.

தனியே சாப்பிட்டால் சோறு இறங்குவதில்லை. மாசிக் கருவாட்டுச் சம்பல் அனுப்புங்கள், வின்சன்ட்டுக்கும் சேர்த்து. தபால் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்
ஸுஹைர்