சிரிக்காத முகம்

என் மகளுக்கு,

உன் கல்யாணத்தில் நான் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. நீ விரும்பிய மாப்பிள்ளையை எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து நீ இரண்டு வருஷமாக வீட்டுப் பக்கமே வரவில்லை. எனக்கு வந்திருக்கும் பார்க்கின்சன் நோய், கையை நடுங்கவைப்பதற்கு முன்பே முகத்தை இறுக்கிவிடுமாம். எனக்கே இப்போதுதான் தெரிந்தது.

உத்திரமேரூரில் செவ்வாய்தோறும் இந்த நோய் உள்ள ஆறு பேர் வட்டமாக உட்காருகிறோம். முதல் நாள், பயிற்சி தரும் நிஷா, "உங்களுக்கு இன்னா செய்யணும்னு ஆசை? அங்கேருந்து ஆரம்பிக்கலாம்" என்றாள். ஒருவர் சட்டைப் பொத்தான் போடவேண்டும் என்றார். ஜெயம்மாள் தன் கையால் சோறு பிசைந்து சாப்பிடவேண்டும் என்றாள். நான், "எம் பொண்ணப் பாத்து சிரிக்கணும்" என்றேன்.

அன்றிலிருந்து எதிரெதிரே உட்கார்ந்து கன்னத்தைத் தூக்கிப் பழகுகிறோம். நேற்று ஜெயம்மாள், "இன்னாண்ணே, சிரிச்சிக்கினு கீறியே!" என்று கத்தினாள். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாப்பிள்ளையோடு ஒருமுறை வா. என் முகத்தைப் பார்த்தவுடன் திரும்பிவிடாதே. சிரிப்பு வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை நில்லும்மா.

உன் நைனா